ஹென்றி ஷெஃப்லினின் ஹர்லிங் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் ஹர்லிங் ஆட்டத்தில் பத்து முறை தேசியப் பட்டம் வென்றவர் ஹென்றி ஷெஃப்லின். அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பதக்கக் கணக்கோடு நின்றுவிடுகிறது. நிறுத்திவைத்த பந்தை வருடக்கணக்காக ஒரே மாதிரி அடித்த கைப்பழக்கம், இரண்டு முறை கிழிந்த முழங்கால், சம்பளமே இல்லாத ஆட்டம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தப் பத்தின் கனம் புரியும். ஹர்லிங்கை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்களும் படிக்கும்படி அடிப்படையிலிருந்து தொடங்குகிறோம்.

ஹர்லிங் எப்படி ஆடப்படுகிறது?

அணிக்கு 15 பேர். மைதானம் 130 முதல் 145 மீட்டர் நீளம், 80 முதல் 90 மீட்டர் அகலம். கால்பந்து மைதானத்தைவிடப் பெரியது. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பகுதி; கவுண்டி அணிகளின் சீனியர் ஆட்டம் 70 நிமிடம். கையில் அடிப்பக்கம் அகன்ற மரமட்டை. அதற்கு ஹர்லி என்று பெயர். பந்தின் பெயர் ஸ்லிட்டர். இரு முனைகளிலும் ஆங்கில ‘எச்’ எழுத்து வடிவில் கம்பங்கள் நிற்கும். இரண்டு கம்பங்களுக்கும் இடைவெளி 6.5 மீட்டர், குறுக்குக் கம்பி 2.5 மீட்டர் உயரத்தில். குறுக்குக் கம்பிக்கு மேலே போனால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் போனால் கோல். அதற்கு மூன்று புள்ளி.

ஹாக்கி தெரிந்தவர்களை முதலில் திகைக்கவைப்பது, பந்து பெரும்பாலும் காற்றிலேயே இருப்பதுதான். தலைக்கு மேல் வரும் பந்தைக் கையால் பிடிக்கலாம். ஆனால் தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது. மட்டையால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நான்கு எட்டுக்கு மேல் ஓடக் கூடாது. அதற்கு மேல் ஓட வேண்டுமென்றால் மட்டையின் அகன்ற பகுதியில் பந்தை நிறுத்தியோ தட்டிக்கொண்டோ ஓட வேண்டும்.

ஸ்கோரை ‘3-22’ என்று எழுதுகிறார்களே, எப்படிக் கணக்கிடுவது?

முதல் எண் கோல், இரண்டாவது எண் புள்ளி. கோலை மூன்றால் பெருக்கிக் கூட்டுங்கள். 2014 இறுதி ஆட்டத்தில் ஷெஃப்லினின் கவுண்டியான கில்கென்னி 3-22, டிப்பரரி கவுண்டி 1-28. முதலாவது 9 + 22 = 31. இரண்டாவது 3 + 28 = 31. ஆட்டம் சமன். அப்படிச் சமனானால் இன்னொரு நாளில் மறு ஆட்டம் நடத்துவதுதான் அன்றைய வழக்கம்.

ஷெஃப்லின் எந்த ஊர்க்காரர்?

கில்கென்னி கவுண்டியின் தெற்கே உள்ள பாலிஹேல் என்ற சிற்றூர். பிறந்தது 1979 ஜனவரி 11. படித்தது கில்கென்னி நகரின் செயின்ட் கீரன்ஸ் கல்லூரிப் பள்ளியில். ஹர்லிங் வீரர்களை வரிசையாக உருவாக்கிக்கொண்டே இருக்கும் பள்ளி அது. பிறகு வாட்டர்ஃபோர்ட் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தபோது, கல்லூரிகளுக்கான ஃபிட்ஸ்கிப்பன் கோப்பையை 1999-லும் 2000-லும் வென்ற அணியில் இருந்தார்.

பாலிஹேலைச் சின்ன ஊர் என்று ஒதுக்கிவிட முடியாது. அவ்வூரின் ஷாம்ராக்ஸ் கிளப் 1972-ல் உருவானது. 1980-களில் ஒரே வீட்டுப் பிள்ளைகளான ஃபென்னலி சகோதரர்கள் ஏழு பேர் அந்த அணியில் ஆடினார்கள். அவர்களில் கெர் ஃபென்னலி 1979-லும், லியம் ஃபென்னலி 1983, 1992 ஆகிய ஆண்டுகளிலும் கில்கென்னிக்குக் கேப்டனாக இருந்து தேசியக் கோப்பையைத் தூக்கியவர்கள். ஷெஃப்லின் வளர்ந்த தெருவில் கோப்பை என்பது தொலைக்காட்சியில் மட்டும் பார்க்கிற பொருளாக இருக்கவில்லை.

கிளப் அணி, கவுண்டி அணி என்று இரண்டு வருகிறதே, இரண்டிலும் ஆடினாரா?

ஆமாம், எல்லோருமே அப்படித்தான் ஆடுவார்கள். சொந்த ஊர்க் கிளப்புக்கு ஆடுவது அடிப்படை. அதில் தெரிகிறவர்களைக் கவுண்டி அணிக்கு எடுப்பார்கள். கவுண்டி அணிகள் முதலில் தத்தம் மாகாணத்துக்குள் மோதும். கில்கென்னி இருப்பது லென்ஸ்டர் மாகாணத்தில். பிறகு ஆல் அயர்லாந்து சாம்பியன்ஷிப். அதன் பரிசு லியம் மக்கார்த்தி கோப்பை. இறுதி ஆட்டம் டப்ளினின் குரோக் பார்க்கில். அங்கே 82,300 பேர் உட்காரலாம்.

கிளப்புகளுக்கும் இதே ஏணி உண்டு: கவுண்டி பட்டம், மாகாணப் பட்டம், கடைசியில் ஆல் அயர்லாந்து கிளப் பட்டம். ஷெஃப்லின் வீரராக 2007, 2010, 2015 என மூன்று முறை கிளப் பட்டமும் வென்றார். கவுண்டி அணியில் பல பதக்கங்கள் வாங்கியும் ஊர் அணியோடு ஒன்றுகூட வெல்லாமல் ஓய்வு பெற்றவர்கள் நிறைய. அந்தக் குறை அவருக்கு இல்லை.

பணம் அதிகம் தரும் வேறு கவுண்டிக்கு மாறியிருக்கலாமே?

ஏலமும் இல்லை, வீரர்களை விலைக்கு வாங்கும் சந்தையும் இல்லை. பிறந்த அல்லது வாழும் ஊரை வைத்துத்தான் அணி அமைகிறது. கவுண்டி அணிக்குச் சம்பளமும் கிடையாது. 1884-ல் தர்லஸ் நகரில் தொடங்கிய கேலிக் தடகளச் சங்கம் இந்த ஆட்டத்தைத் தொழில்முறையாக்கவே இல்லை. பயணச் செலவு கிடைக்கும், பிற்காலத்தில் அரசு உதவித்தொகையும் வந்தது. அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது.

ஷெஃப்லின் வங்கி ஒன்றில் வேலை பார்த்தவர். பகலில் அலுவலகம், மாலையில் நோலன் பார்க் மைதானத்தில் பயிற்சி, வார இறுதியில் ஆட்டம், மறுநாள் மறுபடி அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை எண்பதாயிரம் பேர் முன்னால் ஆடியவர் அடுத்த வேலைநாளில் வாடிக்கையாளரைப் பார்க்கப் போக வேண்டும். 16 ஆண்டுகள் இப்படி ஓடியிருக்கிறது. காயங்களைப் பற்றிப் படிக்கும்போதும் இதை மறக்காமல் படியுங்கள்.

தொடக்கத்திலிருந்தே நட்சத்திரமா?

இல்லை. சிறு வயதில் எடை கூடிய பையன். கூடப் படித்தவர்களில் அவரைவிடப் பெயர் எடுத்தவர்கள் இருந்தார்கள். 1998-ன் இறுதியில் பிரையன் கோடி கில்கென்னியின் மேலாளரானார். 1999 கோடையில் லீஷ் கவுண்டிக்கு எதிராக ஷெஃப்லினைச் சீனியர் சாம்பியன்ஷிப்பில் இறக்கினார். அந்த ஆண்டின் இறுதி ஆட்டத்தில் கார்க்கிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி: 0-13, 0-12.

அடுத்த ஆண்டு ஆஃபலியை 5-15, 1-14 என்று நொறுக்கினார்கள். சார்லி கார்ட்டர், டி.ஜே. கேரி, ஷெஃப்லின் மூவரும் முன்வரிசையில். முதல் பதக்கம் அது. ஆனால் அவரை உருவாக்கிய ஆண்டு என்று நாங்கள் சொல்வது 2001-ஐத்தான். அரையிறுதியில் கால்வே அணி கில்கென்னியை உடல் பலத்தில் அமுக்கி வென்றது. திறமை மட்டும் போதாது, மோதித் தாங்கும் உடம்பும் விடாமல் துரத்தும் குணமும் வேண்டும் என்று கோடி அணியையே மாற்றி அமைத்தார். 2002-ல் திரும்பி வந்த ஷெஃப்லின் வேறு ஆள். இறுதியில் கிளேர் அணிக்கு எதிராக 1-7 எடுத்தார். அவ்வாண்டின் சிறந்த வீரர் விருதும் அவருக்கே. அந்த விருதை 2006-லும் 2012-லும் மறுபடி வாங்கினார். முதலாவதற்கும் கடைசிக்கும் இடையே பத்து ஆண்டு.

எந்த இடத்தில் ஆடினார்?

ஆரம்பத்தில் கோலுக்கு அருகே, மூலையிலும் நடுவிலும். பிறகு கோலிலிருந்து தள்ளி நிற்கும் அரை முன்வரிசைக்கு, குறிப்பாக அதன் நடுவுக்கு இறங்கினார். எதிரணிக் கோல்கீப்பர் தூக்கி அடிக்கும் பந்து வந்து விழும் இடம் அதுதான். அங்கே நிற்பவர் மேலே தாவிப் பிடிக்க வேண்டும், பிடிக்க முடியாவிட்டால் எதிராளியும் பிடிக்காதபடி தட்டிவிட வேண்டும், விழுந்த பந்துக்காகக் குனிந்து போராட வேண்டும். புள்ளிக் கணக்கில் வராத வேலை. முன்வரிசை ஆட்டக்காரர் பின்னால் ஓடி எதிராளியின் மட்டையைக் கொக்கிபோட்டுத் தடுப்பதை கோடி எல்லோரிடமும் எதிர்பார்த்தார். தன் கவுண்டியின் அதிகபட்ச ஸ்கோர்காரரே அதைச் செய்தபோது மற்றவர்கள் சாக்குச் சொல்ல வழியில்லாமல் போயிற்று.

ஃப்ரீ அடிப்பதில் அவரிடம் என்ன விசேஷம்?

தவறு நடந்த இடத்தில் பந்தை வைத்து அடிக்கும் வாய்ப்புதான் ஃப்ரீ. அவருடைய புள்ளிகளில் பெரும்பங்கு இப்படி வந்தது. ‘நிறுத்திவைத்த பந்துதானே’ என்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கட்டும். விதி கறாரானது. பந்தைக் கையில் எடுக்கக் கூடாது. மட்டையால் நெம்பி எழுப்பி, காற்றில் இருக்கும்போதே அடிக்க வேண்டும். முதல் நெம்பலில் எழும்பாவிட்டால், அல்லது எழும்பிய பந்தைத் தவறவிட்டால், தாமதிக்காமல் தரையிலேயே அடித்தாக வேண்டும். இரண்டாவது நெம்பல் கிடையாது.

கற்றுக்கொள்பவர்களுக்குப் படிப்படியாக:

முதலில் நிற்கும் இடம். கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, பந்து முன்காலுக்குப் பக்கத்தில் வரும்படி நிற்க வேண்டும். பந்துக்கு வெகு தூரத்தில் நின்றால் நெம்பும்போதே உடம்பு முன்னால் சாய்ந்துவிடும்.

அடுத்து பார்வை. கம்பங்களை ஒருமுறை பார்த்து, அவற்றுக்குப் பின்னால் கூட்டத்திலோ கூரையிலோ ஒரு புள்ளியை மனதில் குறித்துக்கொண்டு கண்ணைப் பந்துக்கு இறக்க வேண்டும். அதற்குப் பிறகு மட்டை பந்தைத் தொடும்வரை தலை எழும்பக் கூடாது.

நெம்பல். முழங்காலை மடக்கிக் குனிந்து, மட்டையின் அகன்ற பகுதியைப் பந்தின் கீழே செலுத்தி எழுப்ப வேண்டும். பந்து ஏறக்குறைய இடுப்புயரம் வந்தால் போதும், சற்றே முன்னால். பெரும்பாலான பிழை இங்கேதான் என்று பயிற்சியாளர்கள் அடித்துச் சொல்வார்கள். பந்து தள்ளி எழும்பினால் கையை நீட்டி அடிக்க நேரும். பலம் போகாது, தாழ்வாகப் போய் எதிராளியிடம் விழும். உடம்பை ஒட்டி எழும்பினால் மட்டை வீச இடமிருக்காது; மட்டையின் கழுத்தில் பட்டுப் பக்கவாட்டில் ஓடும்.

கடைசியில் வீச்சு. நெம்பும்போது விலகியிருந்த கீழ்க்கை மேலே நழுவி, இரண்டு கைகளும் மட்டைப் பிடியின் மேல்முனையில் பூட்டிக்கொள்ள வேண்டும். பூட்டும் முன் வீசினால் திசை போய்விடும். அடித்த பிறகு மட்டை இலக்கை நோக்கி முழுதாகச் சுழன்று முடியட்டும்.

மழை நாளில் பந்தின் தோல் ஈரம் குடித்துக் கனக்கும், மட்டையில் வழுக்கும். காற்றடித்தால் குறிவைக்கும் புள்ளியைக் கம்பத்துக்கு வெளியேகூட வைக்க வேண்டிவரும். ஷெஃப்லினின் சிறப்பு, 20 மீட்டரோ 65 மீட்டரோ, முதல் நிமிடமோ கடைசி நிமிடமோ, இந்த வரிசையை அவர் மாற்றாததுதான். நிற்பது, பார்ப்பது, குனிவது என எல்லாம் ஒரே வேகம். முந்தைய ஃப்ரீயைத் தவறவிட்டிருந்தாலும் அதே வேகம். பழைய ஆட்டங்களை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். அடிக்கும் முன் அவர் செய்வதை வைத்து ஸ்கோர் என்னவென்று உங்களால் ஊகிக்க முடியாது.

மட்டையும் பந்தும் எப்படிப்பட்டவை?

ஸ்லிட்டரின் எடை 110 முதல் 120 கிராம், விட்டம் 69 முதல் 72 மில்லிமீட்டர். டென்னிஸ் பந்தைவிடச் சற்றுப் பெரியது, ஏறத்தாழ இரு மடங்கு கனம். மேலே இரண்டு தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையலின் விளிம்பு மேடாகப் புடைத்திருக்கும். காற்றில் பிடிக்கும்போது விரலுக்குப் பிடிமானம் தருவது அதுதான்.

ஹர்லி ஆஷ் மரத்தில் செய்வது. பெரியவர்களுக்கு 34 முதல் 36 அங்குலம் சாதாரண அளவு. கால் தரையில் பதிய நின்று, மட்டையைப் பக்கவாட்டில் ஊன்றினால் அதன் மேல்முனை இடுப்பெலும்பு உயரத்துக்கு வந்தால் சரியான அளவு என்பது பழைய கணக்கு. நீளமான மட்டை எட்டிப் பிடிக்க உதவும், ஆனால் நெருக்கத்தில் வீசச் சிரமம்.

இந்த மட்டைக்கு எந்தப் பலகையும் ஆகாது. மரத்தின் அடிப்பாகத்தை, வேரோடு விரிந்து வளையும் இடத்தோடு சேர்த்து வெட்டுவார்கள். தண்டிலிருந்து வேருக்கு நார் எப்படி வளைந்து இறங்குகிறதோ, அதே வளைவில் மட்டையின் பிடியும் அகன்ற அடியும் அமையும்படி அறுப்பார்கள். மட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் நார்க்கோடுகள் பிடியில் நேராக இறங்கி, அடியில் வில்போல் திரும்புவது தெரியும். கோடு திரும்பாமல் நேராகவே வெளியே போனால் அந்த இடத்தில்தான் அது முறியும். மோதலில் பிளக்காமல் இருக்க அடிப்பகுதியைச் சுற்றி மெல்லிய தகட்டுப் பட்டி வைத்துச் சிறு ஆணிகளால் அறைவார்கள். பட்டி தளர்ந்து விளிம்பு தூக்கியிருந்தால் உடனே மாற்றிவிட வேண்டும்; அடுத்தவர் கையைக் கிழித்துவிடும்.

2012 முதல் அயர்லாந்தின் ஆஷ் மரங்களை ஒரு பூஞ்சை நோய் அழித்துவருகிறது. அதனால் மூங்கில் மட்டைகளும் செயற்கைப் பொருள் மட்டைகளும் இப்போது பரவலாகிவிட்டன. ஷெஃப்லின் ஆடிய காலம், எல்லாரும் ஆஷ் மட்டையோடு ஆடிய காலத்தின் கடைசிப் பகுதி.

பத்துப் பதக்கங்கள் எந்தெந்த ஆண்டு?

2000, 2002, 2003, 2006, 2007, 2008, 2009, 2011, 2012, 2014. இதில் 2006 முதல் 2009 வரை தொடர்ந்து நான்கு. அவற்றில் 2008 இறுதியில் வாட்டர்ஃபோர்டை 3-30, 1-13 என்று வென்றதை, ஒரு அணி குறையே இல்லாமல் ஆடிய ஆட்டம் என்று இன்றும் சொல்வார்கள். ஐந்தாவதைத் தடுத்தது 2010-ல் டிப்பரரி: 4-17, 1-18.

இவை போக லென்ஸ்டர் பட்டம் 13. ஆண்டின் சிறந்த 15 பேருக்குத் தரும் ஆல் ஸ்டார் விருது 11 முறை. 2000 முதல் 2012 வரையான 13 ஆண்டுகளில் 2001, 2010 இரண்டில் மட்டும்தான் அது கிடைக்கவில்லை. 2006-ல் அயர்லாந்தின் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ.-யின் ஆண்டின் சிறந்த விளையாட்டாளர் விருதும் அவருக்குக் கிடைத்தது.

‘களத்தில் இறங்கி வென்ற பத்து’ என்று அழுத்திச் சொல்கிறார்களே, ஏன்?

அணியின் மாற்று வீரர்களுக்கும் பதக்கம் உண்டு, இறங்காமல் உட்கார்ந்திருந்தாலும். கார்க்கின் கிறிஸ்டி ரிங்கும் டிப்பரரியின் ஜான் டாய்லும் களத்தில் ஆடி ஆளுக்கு எட்டு வென்றவர்கள். கில்கென்னிக் கோல்கீப்பர் நோயல் ஸ்கீஹனிடம் ஒன்பது இருந்தது. அதில் மூன்று மாற்று வீரராக இருந்தபோது வந்தவை. ஷெஃப்லின் பத்து இறுதிகளிலும் களத்தில் இறங்கினார். பத்தாவதில் மட்டும் கடைசி நிமிடங்களில் மாற்று வீரராக. பதக்க எண்ணிக்கையை எழுதுபவர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் ரிங்குக்கும் டாய்லுக்கும் ஸ்கீஹனுக்கும் அநியாயம் செய்கிறார்கள்.

2009-ல் பெனால்டியைக் கோலாக அடித்தவர் 2012-ல் ஏன் ஒரு புள்ளிக்குத் தட்டினார்?

இதுபற்றிய விவாதம் ஓயவே ஓயாது. முதலில் அன்றைய விதி: பந்து 20 மீட்டர் கோட்டில், எதிரே கோல் கோட்டில் கோல்கீப்பரோடு இன்னும் இருவர், மொத்தம் மூன்று மட்டைகள். இப்போது கோல்கீப்பர் ஒருவர் மட்டும்தான். அன்று பெனால்டியைக் கோலாக்குவது இப்போதைவிடக் கடினம்.

2009 இறுதியில் ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன, டிப்பரரி முன்னிலையில். பெனால்டி கொடுத்ததே சரியா என்று இன்றும் அந்த ஊரில் கேட்பார்கள். பின்தங்கியிருந்தபோது ஒரு புள்ளி போதாது. மூன்று பேரையும் தாண்டி வலைக்குள் அடித்தார். அடுத்த நிமிடமே மார்ட்டின் கோமர்ஃபோர்ட் இன்னொரு கோல் போட, கில்கென்னி 2-22, 0-23 என்று வென்றது.

2012-ல் கால்வேக்கு எதிராக நிலைமை வேறு. ஸ்கோர் சமன், ஆட்டம் முடியும் தறுவாய். கோலுக்கு முயன்று தடுக்கப்பட்டால் கையில் ஒன்றுமில்லை, பந்தும் எதிராளியிடம். குறுக்குக் கம்பிக்கு மேல் அடித்தால் முன்னிலை உறுதி. அவர் புள்ளியை எடுத்தார். பிறகு கால்வேயின் ஜோ கேனிங் கடைசி நேர ஃப்ரீயில் சமன் செய்துவிட்டார்: 2-13, 0-19. மறு ஆட்டத்தில் கில்கென்னி 3-22, 3-11 என்று எளிதாக வென்றது. எங்கள் கணிப்பில் முடிவு சரியானதுதான். மூன்று மட்டைகளுக்கு எதிராக அந்த நேரத்தில் நிச்சயமான ஒன்றை எடுப்பது கோழைத்தனம் ஆகாது. கோலுக்குப் போயிருக்க வேண்டும் என்பவர்கள், கேனிங் சமன் செய்ததைத் தெரிந்துகொண்டு பேசுகிறார்கள்.

முழங்கால் காயம் எவ்வளவு கடுமையானது?

முழங்காலுக்குள் தொடையெலும்பையும் கீழ்க்காலெலும்பையும் குறுக்காகக் கட்டும் முன் சிலுவைத் தசைநார் அறுந்தது. ஒருமுறை அல்ல, இரண்டு முறை.

முதல் முறை 2007 இறுதி, லிமரிக்குக்கு எதிராக. அந்த ஆண்டு அவர்தான் கேப்டன்; முந்தைய ஆண்டு கவுண்டி பட்டம் வென்ற கிளப்புக்குக் கேப்டனை நியமிக்கும் உரிமை உண்டு, பாலிஹேல் அவரை நிறுத்தியது. இடைவேளையோடு வெளியேறியவர், ஆட்டம் முடிந்ததும் அந்தக் காலோடு படியேறிக் கோப்பையைத் தூக்கினார்.

இரண்டாவது 2010 ஆகஸ்டில், கார்க்குடனான அரையிறுதியில். இறுதிக்கு நான்கே வாரம். வழக்கமான வழி அறுவை சிகிச்சை: வேறு தசைநாரை எடுத்து அறுந்ததன் இடத்தில் பொருத்துவார்கள், களத்துக்குத் திரும்ப எட்டு ஒன்பது மாதமாகும். அவரோ அறுவையைத் தள்ளிப்போட்டு, தொடைத் தசைகளை முறுக்கேற்றி அந்த பலத்தில் மூட்டைத் தாங்கவைக்க முயன்றார். இறுதிக்கு முந்தைய வாரம் நோலன் பார்க்கில் அவர் பயிற்சி செய்வதைப் பார்க்கவே ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். ஓடினார், அடித்தார், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரிந்தது. இறுதியில் கால் மணி நேரம்கூட நிற்க முடியவில்லை.

இதில் தவறு எங்கே என்று பலரும் கேட்கிறார்கள். நேராக ஓடுவதற்கு அந்தத் தசைநார் அவ்வளவாகத் தேவைப்படாது. வலுவான தசைகளே சமாளித்துவிடும். ஊன்றிய காலின் மேல் உடம்பு சட்டென்று திரும்பும்போதுதான் அது இல்லாத குறை தெரியும், மூட்டு நழுவும். ஹர்லிங்கிலோ ஒவ்வொரு பந்துக்கும் திருப்பம்தான். எதிராளி எந்தப் பக்கம் தள்ளுவார் என்று தெரியாமல் திரும்பும் திருப்பத்தைப் பயிற்சியில் உருவாக்க முடியாது. இதைப் படித்துவிட்டு யாரும் அதே வழியில் போக வேண்டாம். மூட்டு ஒருமுறை நழுவினாலே உள்ளேயிருக்கும் குருத்தெலும்புத் தட்டு கிழியும் ஆபத்து உண்டு.

2011-12 குளிர்காலத்தில் தோள்பட்டையிலும் அறுவை நடந்தது. அதற்கு முன்பே 2004-ல் கிளேருடன் ஆடியபோது கண்ணில் அடி.

அப்படியானால் எத்தனை ஆட்டங்களைத் தவறவிட்டார்?

பதில் வியப்பாக இருக்கும். 1999-ல் இறங்கியதிலிருந்து 2013 கோடைவரை ஒரு சாம்பியன்ஷிப் ஆட்டத்தையும் அவர் தவறவிடவில்லை. காரணம் நாட்காட்டி. இரண்டு காயங்களும் பருவத்தின் முடிவில் நேர்ந்தவை. இறுதி ஆட்டம் அப்போதெல்லாம் செப்டம்பரில் நடக்கும், அடுத்த சாம்பியன்ஷிப்பில் கில்கென்னியின் முதல் ஆட்டம் ஜூன் வாக்கில். அந்த ஒன்பது மாதம்தான் முழங்காலுக்குத் தேவையான ஒன்பது மாதம். போனது குளிர்கால, வசந்தகால லீக் ஆட்டங்கள் மட்டும். மற்றவர்கள் ஓய்வெடுத்த மாதங்களை அவர் உடற்பயிற்சிக் கூடத்தில் கழித்தார்.

2013-ல் பாதத்தில் ஏற்பட்ட அழுத்த முறிவுதான் அந்தத் தொடரை அறுத்தது. ஜூலையில் நோலன் பார்க்கில் டிப்பரரிக்கு எதிராக அவர் மாற்று வீரராக எழுந்து வந்தபோது கூட்டம் எழுப்பிய சத்தத்தை அந்த ஊரில் இன்னும் பேசுகிறார்கள்.

சிவப்பு அட்டை வாங்கியிருக்கிறாரா?

சாம்பியன்ஷிப்பில் ஒரே முறை. அதே 2013-ல், கார்க்குடனான காலிறுதியில், இரண்டு மஞ்சள் அட்டைகளால்.

அதிகபட்ச ஸ்கோர் சாதனை இன்னும் அவரிடம்தானா?

இல்லை. 71 சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் 27-484, அதாவது 565 புள்ளிகள் எடுத்து ஓய்வு பெற்றபோது அதுதான் சாதனை. 2021-ல் ஜோ கேனிங் அதைத் தாண்டினார், பிறகு வேறு சிலரும். பழைய கட்டுரைகளில் ‘எக்காலத்துக்கும் முதலிடம்’ என்று இருந்தால் அதன் தேதியைப் பாருங்கள்.

கடைசி ஆண்டு எப்படி முடிந்தது?

2014-ல் அவருக்கு 35 வயது. பெரும்பாலும் மாற்று வீரர் பெஞ்சில்தான். முதலில் சொன்ன அந்த 31-31 இறுதியில், கடைசி நொடியில் டிப்பரரியின் ஜான் ஓ’ட்வயர் வெகு தூரத்திலிருந்து அடித்த ஃப்ரீ கம்பத்துக்கு வெளியே போனதாகக் கேமராத் தொழில்நுட்பம் காட்டியது, நூலிழை வித்தியாசம். செப்டம்பர் 27 அன்று நடந்த மறு ஆட்டத்தில் கில்கென்னி 2-17, 2-14 என்று வென்றது. ஷெஃப்லினுக்குப் பத்தாவது.

2015 மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளில், பாலிஹேலோடு கிளப் இறுதியில் கில்மல்லக்கை வென்றார். அடுத்த வாரம், மார்ச் 25 அன்று, கவுண்டி ஆட்டத்திலிருந்து ஓய்வை அறிவித்தார். அந்த ஆண்டும் கில்கென்னி பட்டம் வென்றது, அவர் இல்லாமலேயே.

மேலாளராக எப்படி?

ஊர் அணியோடு உடனடி வெற்றி: பாலிஹேல் 2019-லும் 2020-லும் ஆல் அயர்லாந்து கிளப் பட்டம் வென்றது. 2021 அக்டோபரில் கால்வே கவுண்டியின் மேலாளரானார். கில்கென்னியின் மகன் போட்டிக் கவுண்டிக்குப் போனது பலருக்குச் செரிக்கவில்லை. முதல் ஆண்டில் எதிரணியில் நின்றவரோ அவரை வளர்த்த கோடி. 2022 லென்ஸ்டர் இறுதியில் கில்கென்னியிடம் 0-22, 0-17 என்று தோல்வி. 2023 இறுதியில் கடைசி நொடியில் சிலியன் பக்லி அடித்த கோலால் 4-21, 2-26, ஒரே புள்ளி. இரண்டு ஆண்டும் அரையிறுதியில் லிமரிக் தடுத்தது. 2024-ல் லென்ஸ்டர் சுற்றையே தாண்ட முடியாமல் போக, ஜூலையில் விலகினார். பட்டம் ஏதும் வரவில்லை. அதைச் சிறந்த காலம் என்று பூசி மெழுக வேண்டியதில்லை. ஆனால் அந்த 2023 கோல் வராமல் இருந்திருந்தால் கணக்கே வேறு.

முதல்முறை பார்ப்பவர் எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?

2012-ன் முதல் இறுதி, இரண்டாம் பாதியிலிருந்து. கோல்களைத் தொகுத்த சிறு காணொளிகளில் அவர் செய்தது தெரியாது, முழு ஆட்டம் வேண்டும். இடைவேளையில் கால்வே முன்னிலையில் இருக்கும். ஷெஃப்லின் நடுவுக்கு வந்த பிறகு, கேமரா பந்தைத் தொடர்ந்தாலும் நீங்கள் அவரை மட்டும் தொடருங்கள். ஒவ்வொரு உயரப் பந்துக்கும் எங்கே நிற்கிறார், பந்து கைவிட்டுப் போனதும் எந்தத் திசையில் ஓடுகிறார் என்று பாருங்கள். இரண்டு முறை அறுந்த முழங்கால், அறுவை முடிந்து சில மாதங்களே ஆன தோள், வயது 33. பெனால்டிக்குப் பந்தை வைக்கும்போது அவர் ஓரத்துப் பெஞ்சைப் பார்க்கிறாரா, கம்பங்களைப் பார்க்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.